விழித்திருக்கும் மூளையின் வரைபடம்

மூளையில் கத்தி வைக்கும் மருத்துவருக்கு எதை வெட்டி எடுப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே கடினமான கேள்வி. மண்டையோட்டைத் திறந்து உறைகளை விலக்கிய பின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இரத்தக் குழாய்கள் படர்ந்த, மடிப்பு மடிப்பான ஒரு வெளிர்ந்த பரப்புதான். கையை அசைய வைக்கும் மடிப்புக்கும் அதை அடுத்துள்ள மடிப்புக்கும், பேச்சுக்கு இன்றியமையாத ஒரு சிறு இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள, நீக்கினாலும் பேரிழப்பு நேராத பகுதிக்கும் நிறத்திலோ தன்மையிலோ வேறுபாடு தெரியாது. மெல்ல வளரும் கட்டியின் விளிம்பும் நல்ல திசுவோடு கலந்தே கிடக்கும். மூளையின் எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்று காட்டும் வரைபடத்தை நரம்பியல் அறுவை மருத்துவம் 150 ஆண்டுகளாகத் தேடிவருவதற்கு இதுவே காரணம். மூளையின் மின்குறிகளை நேரடியாகப் படித்து அவற்றைக் கொண்டு ஒரு கணினியையோ இயந்திரக் கையையோ இயக்கும் அமைப்பான மூளை–கணினி இடைமுகம் கணினிப் பொறியாளர்களின் கூடத்தில் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அதன் ஆணிவேர் இந்தத் தேடலில், அதாவது அறுவை மேசையில் விழித்தபடி படுத்திருந்த நோயாளிகளிடத்தில்தான் இருக்கிறது.

தொடக்க வரைபடங்கள் இறந்தவர்களிடமிருந்து கிடைத்தவை. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாதிருந்த ஒரு நோயாளி இறந்தபின் அவருடைய மூளையைத் திறந்து பார்த்து, இடப்பக்க முன்மடலின் ஒரு பகுதி சிதைந்திருந்ததைக் கண்டு, அதைப் பேச்சுக்குரிய இடமாக அறிவித்தார். லண்டனில் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் மூளையைத் தொடாமலேயே வேறொரு வழியைக் கண்டார்: சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கி, கைக்கும் தோளுக்கும் முகத்துக்கும் ஒரே ஒழுங்கில் பரவுவதைக் கூர்ந்து கவனித்த அவர், உடலின் உறுப்புகள் மூளையிலும் அதே போன்றதோர் ஒழுங்கில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். இந்த உய்த்துணர்வுக்குச் சான்று 1870இல் பெர்லினிலிருந்து வந்தது. குஸ்தாவ் ஃபிரிட்ச், எடுவார்ட் ஹிட்சிக் என்ற இருவரும், பல்கலைக்கழகத்தில் இடவசதி இல்லாததால் ஹிட்சிக்கின் வீட்டிலேயே நாய்களின் மூளையைத் திறந்து, மூளைப் புறணி எனப்படும் அதன் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தபோது எதிர்ப்பக்கக் கால்கள் அசைந்தன. அம்மின்னோட்டத்தின் அளவை அவர்கள் தீர்மானித்த முறை குறிப்பிடத்தக்கது. தம் நாக்கு நுனியில் வைத்தால் உணர்வு தட்டும் அளவுக்கு மட்டுமே அதைக் குறைத்து வைத்துக்கொண்டனர். கருவிகளின் துல்லியம் போதாத காலத்தில் ஆராய்ச்சியாளரின் நாக்கே அளவுகோலாக இருந்திருக்கிறது.

இதைத் தொடர்ந்து இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் குரங்குகளின் மூளையைத் தூண்டி விரிவான வரைபடங்களைத் தயாரித்தார். அவை மனித மூளைக்கும் பொருந்தும் என்ற துணிவோடு 1884 நவம்பரில் ரிக்மன் காட்லி என்பவர், வலிப்பும் கை முடக்கமும் கொண்ட ஒருவரின் மண்டையோட்டைத் திறந்து, நோயின் அறிகுறிகளை மட்டுமே கொண்டு முன்கூட்டிக் குறித்த இடத்திலேயே கட்டியைக் கண்டு அகற்றினார். நோயாளி ஏறக்குறைய ஒரு மாதத்தில் இறந்துவிட்டாலும் கட்டி சொன்ன இடத்தில் இருந்ததே அன்றைய மருத்துவ உலகத்துக்குப் போதுமானதாக இருந்தது. 1886இல் விக்டர் ஹார்ஸ்லி லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் வலிப்புக்கான அறுவையைச் செய்தபோது ஜாக்சனும் ஃபெரியரும் அருகிலேயே நின்றனர்.

இவ்வரலாற்றில் மறைக்க முடியாத ஒரு கறையும் உண்டு. 1874இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர், தலையில் ஏற்பட்ட புற்றுப்புண் மண்டையோட்டையே அரித்து மூளையை வெளிக்காட்டிவிட்ட நிலையில் வந்த மேரி ராஃபர்ட்டி என்ற 30 வயது வீட்டுப் பணிப்பெண்ணின் மூளைக்குள் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். எதிர்ப்பக்கக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. மின்னோட்டத்தைக் கூட்டியபோது வலிப்பு கண்டு அப்பெண் நினைவிழந்தார். சில நாட்களில் இறந்தும் போனார். விழித்திருந்த ஒரு மனிதரின் மூளையை மின்சாரத்தால் தூண்டிய முதல் பதிவு இதுவே. அதனால் நோயாளிக்கு எந்த நன்மையும் கருதப்படவில்லை. அமெரிக்க மருத்துவர்களே கண்டனம் தெரிவித்த பின் பார்த்தலோ வருத்தம் தெரிவித்தார். அறிவியல் நூல்கள் பல இந்நிகழ்வை ஒரு "முதல்" என்ற தலைப்பின்கீழ் போகிற போக்கில் சொல்லிச் செல்கின்றன. அதைவிட நீளமாகச் சொல்லப்பட வேண்டிய நிகழ்வு இது.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பது இத்துறைக்கு வாய்த்த பெரும் வசதி. வலி உணர்வது தோலும் எலும்பைச் சூழ்ந்த சவ்வும் மூளையின் வெளியுறையுமே என்பதால், அவற்றுக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டுவிட்டு நோயாளியோடு பேசிக்கொண்டே மூளையைத் தொடமுடியும். 1909இல் ஹார்வி குஷிங் விழித்திருந்த இருவரின் மூளையில், நடுப்பிளவு எனப்படும் ஆழமான வரிப்பள்ளத்துக்குப் பின்னால் உள்ள மடிப்பைத் தூண்டினார். கை அசையவில்லை, ஆனால் கையில் ஏதோ தொடுவது போன்ற உணர்வு ஏற்பட்டதாக நோயாளிகள் கூறினர். ஒரு குரங்கால் சொல்ல முடியாத செய்தி இது. பள்ளத்துக்கு முன்னால் அசைவு, பின்னால் உணர்வு என்ற பாகுபாடு இவ்வாறு மனிதரின் வாய்மொழியாலேயே உறுதிப்பட்டது.

ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில், இன்று போலந்தின் விரோட்சுவாஃப் என வழங்கும் ஊரில், ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் முதல் உலகப் போரில் தலையில் காயம்பட்டு அதன் வடுவினால் வலிப்புக்கு ஆளான வீரர்களுக்கு இம்முறையில் அறுவை செய்துவந்தார். அதைக் கற்க 1928இல் அங்கு சென்று ஆறு மாதம் தங்கியவர் வைல்டர் பென்ஃபீல்டு. அதே ஆண்டின் இறுதியில் தம் சொந்தச் சகோதரியின் மூளைக் கட்டியை அகற்ற வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது; கட்டியை முழுமையாக எடுக்க இயலவில்லை, சில ஆண்டுகளில் அச்சகோதரி இறந்தார். எங்கே நிறுத்துவது என்ற கேள்வி பென்ஃபீல்டுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக ஒருபோதும் இருந்திருக்க முடியாது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பெருநிதியோடு 1934இல் கனடாவில் மாண்ட்ரியல் நரம்பியல் கழகம் திறக்கப்பட்டபோது அதன் தலைமையை அவர் ஏற்றார்.

அங்கு நடந்த அறுவையின் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இன்றைய கணினி முறைகள் வரை எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அதன் வழித்தோன்றல்கள். நோயாளி பக்கவாட்டில் படுத்திருப்பார். அவருடைய முகத்தை மறைக்காதபடி துணிகள் கூடாரம் போல் எழுப்பிக் கட்டப்பட்டிருக்கும். துணிக்கு அந்தப் பக்கம் ஒருவர் அமர்ந்து அவரோடு பேசிக்கொண்டும் முகத்தையும் கையையும் கவனித்துக்கொண்டும் இருப்பார். பென்ஃபீல்டு மெல்லிய மின்முனையால் மூளையின் ஓரிடத்தைத் தொடுவார். நாக்கு கூசுகிறது, விரல் மடங்குகிறது, விளக்கு மின்னுகிறது என்று நோயாளி எதையாவது சொன்னாலோ உறுப்பு ஏதேனும் அசைந்தாலோ, எண் எழுதிய ஒரு சிறு காகிதத் துண்டு அவ்விடத்தின் மேலேயே வைக்கப்படும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் உதவியாளர், எந்த எண்ணில் என்ன நேர்ந்தது என்று மருத்துவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். சில வேளைகளில் மின்சாரம் செலுத்துவதாகச் சொல்லிவிட்டுச் செலுத்தாமல் இருப்பதும் உண்டு. நோயாளி கற்பனையில் எதையும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கடைசியில் எண்கள் சிதறிக் கிடக்கும் மூளைப் பரப்பு நிழற்படமாக எடுக்கப்படும். வலிப்பு வருவதற்கு முன் நோயாளி வழக்கமாக உணரும் முன்னறிகுறி எந்த எண்ணைத் தொட்டபோது மீண்டும் தோன்றியதோ அதைச் சுற்றியே நோயின் ஊற்று இருக்க வேண்டும் என்று கொண்டு, மற்ற எண்கள் காட்டும் இன்றியமையாத இடங்களை விலக்கி வெட்டும் எல்லை வகுக்கப்படும்.

இந்த அறுவைகளில் திரும்பத் திரும்பப் பதிவான ஒரு செய்தி, பிற்கால இடைமுக ஆராய்ச்சிக்கு அடிப்படையானது. அசைவுக்குரிய இடத்தைத் தூண்டியதும் நோயாளியின் கை உயரும். ஆனால் அதைத் தாம் உயர்த்தவில்லை, மருத்துவரே உயர்த்தினார் என்றுதான் நோயாளிகள் கூறினர். அசைவை வெளியிலிருந்து உண்டாக்க முடிந்ததே தவிர, அசைக்க வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்க முடியவில்லை.

1937இல் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளைத் திரட்டி வெளியிட்ட கட்டுரையில், நடுப்பிளவை ஒட்டி உடலின் உறுப்புகள் வரிசையாக அமைந்திருப்பதைக் காட்ட ஒரு குறுமனித உருவம் வரையப்பட்டது. பெரிய உதடுகளும் பருத்த கட்டைவிரலும் சிறுத்த உடலும் கொண்ட அவ்வுருவத்தின் 1950ஆம் ஆண்டு வடிவம் இன்றுவரை உலகெங்கும் மருத்துவப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அதன் புகழுக்குக் காரணம் அதன் எளிமை. அதன் குறையும் அதுவே. வெவ்வேறு நோயாளிகளிடம் வெவ்வேறு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடைத்த புள்ளிகளை அது ஒரே கோட்டில் நேர்ப்படுத்திவிட்டது. காலுக்கும் கைக்கும் வாய்க்கும் உரிய பகுதிகளுக்கு இடையே, தனி உறுப்பு எதற்கும் உரியதாக இல்லாமல் முழுச் செயலைத் திட்டமிடுவதோடு தொடர்புடைய பகுதிகள் குறுக்கிடுகின்றன என்று 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் காட்டியபோது, அந்தப் பழைய உருவம் பெரிய திருத்தத்துக்கு உள்ளானது. பொட்டுமடல் எனப்படும், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக அமைந்த பகுதியைத் தூண்டியபோது பழைய நினைவுகள் காட்சியாகத் தோன்றியதாகச் சிலர் கூறியதும் இவ்வாறே மிகைப்படுத்தப்பட்டது. 1963இல் பென்ஃபீல்டே வெளியிட்ட தொகுப்பின்படி பொட்டுமடல் ஆராயப்பட்ட 520 பேரில் 40 பேருக்கு மட்டுமே அத்தகைய அனுபவம் நேர்ந்தது. எல்லா நினைவுகளும் மூளையில் அப்படியே பதிவாகிக் கிடக்கின்றன என்ற முடிவை அந்த 40 பேரின் மேல் கட்டியெழுப்ப முடியாது.

மாண்ட்ரியல் முறை தமிழகத்துக்கும் விரைவிலேயே வந்தது. பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்திலேயே அங்கு வலிப்புக்கான அறுவை நடந்தது. வேலூர்த் துறை தொடங்கியதற்கு அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி இத்துறையை நிறுவினார்.

அசைவின் வரைபடத்தைவிடப் பேச்சின் வரைபடமே அதிகக் குழப்பம் தந்தது. பேச்சுக்குரிய இடத்தைத் தூண்டினால் சொற்கள் வெளிவருவதில்லை. மாறாக, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்த நோயாளி திடீரென்று பெயர் தெரியாமல் திணறுவார், மின்முனையை எடுத்ததும் சொல்லிவிடுவார். பேச்சுக்குரிய இடத்தை, தூண்டும்போது அது செய்யத் தவறுவதைக் கொண்டே கண்டறிய வேண்டியிருந்தது. 1989இல் சியாட்டிலின் ஜார்ஜ் ஓஜமன் குழுவினர் 117 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டபோது, பேச்சுக்கு இன்றியமையாத இடங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் அளவிலேயே இருப்பதையும், ஒருவருக்கு இருக்கும் இடத்தில் மற்றொருவருக்கு இல்லாதிருப்பதையும் கண்டனர். புரோக்காவின் பெயர் தாங்கிய பகுதியிலேயே சிலருக்குப் பேச்சு தடைபடவில்லை. ஊருக்கெனக் கிராம வரைபடம் இருந்தாலும் ஒருவருடைய நிலத்தின் எல்லையைச் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்ட பிறகே உறுதி சொல்ல முடிவது போல, ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் மூளையை அன்றைக்கே, அந்த மேசையிலேயே அளந்தாக வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. இந்த உழைப்பு வீண் போகவில்லை: மூளைக் கட்டி அறுவைகள் பற்றிய 90 ஆய்வுகளில் இடம்பெற்ற 8,091 நோயாளிகளின் விவரங்களை 2012இல் தொகுத்துப் பார்த்தபோது, அறுவையின்போதே தூண்டி வரைபடம் எடுத்தவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் கடுமையான நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டிருந்தது.

இதுவரை கூறியது மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் வழி. மூளையிலிருந்து வெளிவரும் மின்சாரத்தைக் கேட்கும் வழியை 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் திறந்தார். தலையின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய முடிந்ததை ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929இல்தான் அவர் வெளியிட்டார், 1934இல் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன் உறுதிப்படுத்தும் வரை உலகம் அதைப் பெரிதாக நம்பவும் இல்லை. இந்த இரண்டு வழிகளும் சந்தித்த இடம் மாண்ட்ரியல். பென்ஃபீல்டோடு இணைந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர், மண்டையோட்டின் தடுப்பு இல்லாமல் மின்முனைகளை மூளையின் மேலேயே வைத்து அலைகளைப் பதிவு செய்தார். 1949இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை ஒன்று, கையை அசைக்கும் மடிப்பில் ஓய்வாக ஓடிக்கொண்டிருக்கும் வேக அலை, நோயாளி கையை அசைக்கத் தொடங்கும்போது மறைந்துவிடுவதைக் காட்டியது. தூண்டுதல் ஏதுமின்றி, நோயாளியின் சொந்த விருப்பத்தால் நிகழும் செயலை அலையின் மாற்றமே காட்டிக்கொடுத்தது. மூளை–கணினி இடைமுகத்தின் கருவை எங்கே காண்பது என்று கேட்டால், அச்சொல்லே பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் முந்திய இந்தக் கட்டுரையைத்தான் சுட்ட வேண்டும்.

1969இல் சியாட்டிலில் எபர்ஹார்டு ஃபெட்ஸ், உணவைப் பரிசாகக் கொடுத்து ஒரு குரங்கு தன் மூளையின் ஒற்றை நரம்பணு எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதைத் தானே கட்டுப்படுத்தும்படி பழக்கினார்; 1973இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஷாக் விதால் மூளைக்கும் கணினிக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்தும் திட்டத்தைப் பெயரிட்டு வகுத்தார். 2004இல் கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த மாத்யூ நேகல் என்ற இளைஞரின் மூளையில், நான்கு மில்லிமீட்டர் சதுரமும் 96 மின்முனைகளும் கொண்ட சில்லு பதிக்கப்பட்டு, அவர் நினைத்தபடி கணினித் திரையில் சுட்டி நகர்ந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடியது இதைத்தான்.

அதே 2004இல் செயின்ட் லூயிஸில் நடந்த மற்றொரு சோதனை அவ்வளவு பேசப்படவில்லை. கடுமையான வலிப்புள்ளவர்களுக்கு, நோய் எங்கே தொடங்குகிறது என்று கண்டறிய மூளையின் மேல் மின்முனைகள் பொதித்த மெல்லிய தகடு வைக்கப்பட்டு, வலிப்பு வரும் வரை மருத்துவமனையில் பல நாட்கள் காத்திருக்க வைக்கப்படுவது வழக்கம். அவ்வாறு காத்திருந்த நால்வர், அறுவை மருத்துவர் எரிக் லூதார்ட்டும் பொறியாளர் கெர்வின் ஷால்க்கும் அமைத்த கருவியின் உதவியால், 3 முதல் 24 நிமிடப் பயிற்சியிலேயே எண்ணத்தால் சுட்டியை நகர்த்தினர். இதைக் கைகூட்டியது உயர் காமா எனப்படும், நொடிக்கு ஏறத்தாழ 70 முறைக்கு மேல் அதிரும் அலை. மூளையின் ஓரிடம் வேலையில் இறங்கியதும் அவ்விடத்தில் மட்டும் இவ்வலை வலுக்கிறது என்பதை நேதன் குரோன் 1998இல் காட்டியிருந்தார். கணினி இவ்வலையை நொடிக்கு நொடி அளந்து, ஓய்வு நிலையோடு ஒப்பிட்டு, மாறுபடும் மின்முனைகளைத் திரையில் வட்டங்களாகப் பெரிதாக்கிக் காட்டினால் அதுவே நிகழ்நேர வரைபடம் ஆகிவிடுகிறது. நோயாளி நாக்கை நீட்டினால் ஓரிடமும், கதை கேட்டால் மற்றோரிடமும் திரையில் விரியும். தூண்டும் முறையில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்க்க நெடுநேரம் ஆகும், மின்சாரமே வலிப்பை வரவழைத்துவிடும் அபாயமும் உண்டு. கேட்கும் முறையில் சில நிமிடங்களில் முழுப் பரப்பும் தெரிந்துவிடுகிறது. இடைமுகத்துக்காக எழுதப்பட்ட மென்பொருளே இவ்வாறு அறுவைக்குத் திரும்பிவந்தது. ஆனாலும் இம்முறை ஓரிடம் ஒரு செயலில் பங்கு கொள்கிறது என்று சொல்லுமே தவிர, அவ்விடம் இல்லாவிட்டால் அச்செயல் நின்றுபோகுமா என்று சொல்லாது. ஆதலால் வெட்டும் முன் மின்முனையால் தூண்டிப் பார்ப்பதையே இறுதிச் சான்றாக அறுவை மருத்துவர்கள் இன்றும் கொள்கின்றனர். 2024இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகக் குழு ஒன்று, மின்முனைத் தகட்டின் முதுகில் ஆயிரக்கணக்கான நுண் விளக்குகளைப் பதித்து, செயல்படும் எல்லை மூளையின் மேலேயே ஒளிரும்படி செய்த கருவியை விலங்குகளில் காட்டியது. மருத்துவர் திரைக்கும் மூளைக்கும் மாறி மாறிப் பார்க்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவில் காணக்கிடைக்கிறது. அங்குள்ள எட்வர்டு சாங், விழித்த நிலை அறுவை செய்யும் மருத்துவர். வலிப்புக்காகத் தகடு வைக்கப்பட்டிருந்த மூவர் எளிய அசைகளை உச்சரிக்க, உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றை இயக்கும் புள்ளிகள் எந்த வரிசையில் எழுந்தடங்குகின்றன என்பதை அவருடைய குழு 2013இல் வெளியிட்டது. பேச முடிந்தவர்கள் தந்த இந்த அறிவைக் கொண்டே, பக்கவாதத்தால் 15 ஆண்டுகளுக்கு மேல் பேச்சிழந்திருந்த ஒருவரின் மூளையில் 128 மின்முனைகள் வைக்கப்பட்டு, 50 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து அவர் சொல்ல முயன்றவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 சொல் வீதம் திரையில் தோன்றியது 2021இல் அறிவிக்கப்பட்டது. 2023இல் அதே குழு, பேச்சிழந்த ஒரு பெண்ணுக்கு 253 மின்முனைகளோடு அவ்வேகத்தை நிமிடத்துக்கு 78 சொல்லாக உயர்த்தியது.

அசைகளை உச்சரித்துக் காட்டிய அந்த மூவருக்கு அந்தச் சோதனையால் எந்தச் சிகிச்சைப் பயனும் இல்லை; தலையில் கம்பிகளோடு கட்டிலில் கிடந்த நாட்களில் சிறிது நேரத்தைத் தந்தார்கள், அவ்வளவே. சின்சினாட்டி நிகழ்வு நடந்த காலத்திலிருந்து இன்றைய நிலை வெகுதூரம் மாறியிருக்கிறது: எழுத்தில் ஒப்புதல் பெறாமலும் அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமலும் இத்தகைய சோதனையைத் தொடங்க முடியாது. எனினும் தம் மூளையைத் திறக்கப்போகும் மருத்துவரே வந்து ஆராய்ச்சிக்கும் சம்மதமா என்று கேட்கும்போது, மறுத்தால் சிகிச்சை குறையுமோ என்று நோயாளி அஞ்சக்கூடும். அதனால் சில ஆராய்ச்சிக் குழுக்கள் ஒப்புதல் கேட்கும் பொறுப்பை அறுவை செய்பவரிடம் விடாமல் வேறொருவரிடம் ஒப்படைக்கின்றன. அறுவை அரங்கில், மூளை திறந்திருக்கும் நிலையிலும்கூட, சோதனையைத் தொடரலாமா என்று நோயாளியிடம் மறுபடியும் கேட்கின்றன.